ஊஞ்சலுக்கு முன்னால் வந்த கூடு

றோசமேரி அக்காவின் இடது இடுப்பு வலதை விடக் கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். கையில் ஒன்றுமில்லாமல் நடக்கும்போதும் எதையோ தூக்கிக்கொண்டு நடப்பவர் மாதிரித்தான் நடப்பார். மகள் டெனிஷாவுக்கு இப்போது பதினொரு வயது. அவள் பிறந்ததிலிருந்து நடந்ததில்லை. கைகளுக்கும் பலம் குறைவு. கண்டக்குழியில் வாசலை விட்டு இறங்கினால் எங்கும் மணல். ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கரக் கதிரை முதல் நாளே அச்சு வரை புதைந்துபோய், இப்போது வீட்டுக்குப் பின்னால் கோழி முட்டையிடும் இடமாகக் கிடக்கிறது. அதனால் அக்கா பிள்ளையை இடுப்பிலேயே வைத்துத் திரிகிறார்.

அக்காவைப் பற்றி நான் முன்பும் ஒருமுறை எழுதியிருக்கிறேன், ஆங்கிலத்தில். அதில் அவருடைய பெயர் வராது. 'பயனாளியின் தாய்' என்று இருக்கும். இப்போது அந்தச் சொல்லைப் பார்த்தால் பழுதான மீனை மோந்த மாதிரி இருக்கிறது.

அவர் பிறந்து வளர்ந்தது கண்டக்குழியில்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார். கரையில் மீன் வெட்டினார். பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். திரும்பி வந்து கலியாணம் முடித்தார். கணவர் பலநாள் படகில் போகிறவர். கரையில் இருக்கும் நாட்களில் பெரும்பாலும் தூங்குவார். காற்றுக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு களப்பில் சறுக்க வருகிறார்கள் அல்லவா, அவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அக்கா படுக்கை விரிப்புத் துவைக்கிறார். அதே விடுதியின் வரவேற்பு மேசையில் நான் இருக்கிறேன். எனக்குப் பக்கத்து ஊர், குறிஞ்சிப்பிட்டி. வாப்பா மிளகாய்த் தோட்டம் செய்கிறவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம், அதாவது கம்பஸ், போன முதல் ஆள் நான். சமூகவியல் படித்தேன். அரசாங்க வேலை வரும் வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்தேன். அந்த 'வரைக்கும்' இன்னும் முடியவில்லை.

அக்கா வேலைக்கு வரும்போது டெனிஷாவையும் கொண்டுவருவார். துணி காயும் கொடிக்குப் பக்கத்தில், இரண்டு தென்னைகளுக்கு நடுவில் கட்டியிருந்த பழைய வலைத்தொட்டிலில் அவளைப் போட்டுவிட்டுத் துவைப்பார். ஒருநாள் முதலாளி என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பிள்ளையக் கொஞ்சம் மறைவா வைக்கச் சொல்லுங்க மிஸ். கெஸ்ட்மாருக்கு மனசு ஒரு மாதிரி ஆகுது."

நான் போய்ச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பின்னால் போனபோது டெனிஷா தொட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தாள்.

"கம்பஸ் அக்கா, மொதலாளி என்னவாம்?"

"ஒண்டுமில்ல."

"எனக்குக் கால்தான் ஏலாது. காது கேக்கும்."

றோசமேரி அக்கா விரிப்பைப் பிழிந்துகொண்டே சிரித்தார். "இவளுக்கு வாய் மட்டும் நல்லா நடக்கும் தங்கச்சி. வாயில பாதி காலுக்குப் போயிருந்தா இந்நேரம் புத்தளம் போய் வந்திருப்பாள்."

விடுதியின் முன்பக்கத்தில், கடலைப் பார்த்தபடி, விருந்தினர்கள் படம் எடுப்பதற்காக ஒரு மர ஊஞ்சல் இருக்கிறது. டெனிஷாவின் கண் எப்போதும் அங்கேதான். அவளை அதில் இருத்த முடியாது. கயிற்றைப் பிடிக்கக் கை நிற்காது, முதுகும் நிற்காது. ஆனால் அவள் இருக்கக்கூடிய ஊஞ்சல் ஒன்று உலகத்தில் இருக்கிறதென்று அக்காவுக்குத் தெரியும். குவைத்தில் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகும்போது அங்கே பார்த்திருக்கிறார். முதுகு சாயப் பெரிய இருக்கை, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார். நடக்க முடியாத பிள்ளைகளை அதில் இருத்தி ஆட்டுவார்களாம்.

"நான் அப்ப கலியாணமும் முடிக்கல்ல. அந்த ஊஞ்சலப் பாத்து, இப்பிடியும் செய்வாங்களா எண்டு நினைச்சன். எனக்கே தேவப்படும் எண்டு ஆரு கண்டது," என்றார் அக்கா. "ஒருக்கா இவள அதில இருத்தி ஆட்டிப் பாக்கணும் தங்கச்சி. எனக்கு இடுப்பு விட்டுப்போகு முன்னுக்கு."

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண் சொல்லித்தான் அந்த நிதியம் எனக்குத் தெரியவந்தது. இயலாமை உள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் இடங்கள் அமைக்க, ஊர்ச் சங்கங்களுக்குப் பணம் கொடுக்கிறார்களாம். கொழும்பில் அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நிலமும் ஊராரின் உழைப்பும் ஊரின் பங்காக இருக்க வேண்டும். நிலம் இருந்தது. மீனவர் சங்கத்துக்கு வீதியோரமாக ஒரு வெறுங்காணி, முன்பு வலை காயப்போட்ட இடம். நானும் அக்காவும் சங்கக் கூட்டத்துக்குப் போனோம். டெனிஷாவும் இடுப்பில் வந்தாள்.

சங்கத் தலைவர் இன்னாசித்தம்பி இரண்டு படகுக்குச் சொந்தக்காரர். ஊரில் அவரைச் சம்மாட்டியார் என்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்கைச் சொறிந்தார்.

"ஒரு புள்ளைக்காக ஒரு ஊஞ்சலா? கேக்கிறதுதான் கேக்கிறம், ஒரு வொலிபோல் கோர்ட் கேப்பமே. ஊருக்குப் பிரயோசனம்."

"ஊருல ஏலாத புள்ள ஒண்டு மட்டுமா இருக்கு சம்மாட்டியார்?" என்றார் அக்கா. "உங்கட தம்பிட மகள் எங்க? ஆரு கண்டது அந்தப் பிள்ளைய? ஞானஸ்நானத்துக்குப் பிறகு நான் காணல்ல."

தம்பியும் அங்கேதான் இருந்தார். அவர் தரையைப் பார்த்தார். பிறகு யாரோ ஒருவர் தன் அக்காவின் பொடியனைச் சொன்னார். இன்னொருவர் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். நான் படித்த நாலு வருடத்தில் கள ஆய்வு என்று எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். பக்கத்து ஊரில் அறைக் கதவுகளுக்குப் பின்னால் இத்தனை பிள்ளைகள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் ஊரிலும் மாமியின் மகள் றிஃப்னாவுக்குக் காது கேளாத மகன் இருக்கிறான். அவனையும் சேர்த்து, இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் விளையாடும் இடமென்று எழுதினேன்.

கடைசியில் இன்னாசித்தம்பி ஒத்துக்கொண்டார். "பாதை எங்கட வேலை. வீதியிலிருந்து உள்ள வரைக்கும் சீமெந்துப் பாதை போட்டா சக்கரக் கதிரை புதையாது தானே. சீமெந்து சங்கம் தரும். பொடியன்மார் ஒரு சனிக்கிழமையில போட்டு முடிச்சிருவாங்கள்."

அதையும் எழுதினேன். எழுத எழுத என் கை பழகிக்கொண்டது. 'ஓரங்கட்டப்பட்ட', 'பாதிப்புக்குள்ளாகக்கூடிய' என்பவற்றின் ஆங்கிலச் சொற்கள் தானாக வந்தன. டெனிஷா அவற்றுக்குள் எங்கேயும் இல்லை. அவள் இருந்தால் அந்த வசனங்களைப் பார்த்துச் சிரித்திருப்பாள்.

கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து ஹிருணி என்ற அதிகாரி வந்தார். சிங்களப் பெண், என்னை விட நாலைந்து வயது கூட இருக்கலாம். வாகனத்தால் இறங்கியதும் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். காணிக்குப் பக்கத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது, இலையான் மொய்த்தது. அதைக் குறைசொல்ல மாட்டேன். எனக்கும் அந்த மணம் ஒத்துவராது.

காணியைப் பார்த்தார், நன்றாகக் கதைத்தார், இன்னாசித்தம்பியோடு கைகுலுக்கினார். பிறகு விண்ணப்பத்துக்கு ஒரு படம் வேண்டும் என்றார். டெனிஷா தனியாக மணலில் இருக்க வேண்டும். தூரத்தில் மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாட வேண்டும். அக்கா படத்துக்குள் வரக்கூடாது. நான் மொழிபெயர்த்தேன். அக்கா ஒரு பாயை விரித்து, பின்னால் தலையணை வைத்து, பிள்ளையை இருத்திவிட்டு விலகினார். பாயும் தலையணையும் வேண்டாம் என்றார் ஹிருணி. டெனிஷா ஒருபக்கம் சரிந்தபடி வெறும் மணலில் இருந்தாள். கமராவைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்," என்றார் ஹிருணி என்னிடம்.

சொன்னேன்.

"ஏனாம்? பல்லு மஞ்சளா?"

"இல்ல. படத்துக்கு."

"அப்ப காசு தாறவங்களுக்குச் சிரிக்கிற பிள்ளை வேணாமோ?"

பிள்ளை என்ன சொல்கிறாள் என்று ஹிருணி கேட்டார். வெட்கப்படுகிறாள் என்று சொன்னேன்.

"எனக்கு வெட்கம் இல்லை மிஸ்," என்றாள் டெனிஷா, சிங்களத்திலேயே. நாடகம் பார்த்துப் பார்த்துப் பிடித்த சிங்களம்.

ஹிருணியின் முகம் சிவந்தது. ஆனால் கமராவைக் கீழே வைக்கவில்லை. காத்திருந்தார். வெயில் ஏறியது. டெனிஷாவுக்குக் கழுத்து சோர்ந்து தலை தொங்கியது. வாயோரம் எச்சில் வடிந்தது. கருவாட்டுப் பக்கமிருந்து ஒரு இலையான் வந்து அதில் இருந்தது; இன்னொன்றும் வந்தது. அவளால் கையைத் தூக்கி விரட்ட முடியவில்லை. அக்கா ஓடினார். ஹிருணி பார்வையை எடுக்காமலே ஒரு கையை உயர்த்தி அவரை மறித்தார். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் என்றார். கமரா அடுத்தடுத்துச் சொடுக்கியது.

நானும் அங்கேதான் நின்றேன். அந்தப் படம் நன்றாக வந்தால் ஊஞ்சல் வரும் என்று மனது கணக்குப் போட்டது. இலையானை விடக் கேவலமாக ஏதோ என் வாய்க்குள் புகுந்த மாதிரி இருந்தது.

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. முதல் கட்டத்தில் தெரிவாகிவிட்டோம் என்று மின்னஞ்சல் வந்தது. இரண்டாம் முறை வந்து, ஊரார் செய்வதாகச் சொன்ன பாதையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம்.

"முதல் கட்டம் தாண்டிட்டம் அக்கா. இன்னும் முடிவில்ல. பாதை போட்டாத்தான்," என்று தெளிவாகச் சொன்னேன். அக்கா சிலுவை அடையாளம் போட்டார். கண் நிறைந்துவிட்டது.

பாதை போடும் சனிக்கிழமை மட்டும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காற்று. ஒரு சனிக்கிழமை நல்ல மீன்பாடு, எல்லாரும் கடலில். ஒன்றில் யாருடையதோ கலியாணம். சீமெந்து மூட்டைகள் சங்கக் கொட்டிலில் அடுக்கியபடி கிடந்தன. இதற்கிடையில் எனக்கு ஒரு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. கொழும்புக்குப் போனேன். அங்கே என்னைப் போல ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். திரும்பி வர ஒரு கிழமைக்கு மேல் ஆகிவிட்டது.

வந்து பார்த்தபோது காணியின் முகப்பில், பாதை தொடங்க வேண்டிய இடத்தில், ஒரு சுரூபக்கூடு நின்றது. நீலமும் வெள்ளையுமாக டைல் ஓடு பதித்து, கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே புனித அந்தோனியார் குழந்தை யேசுவைக் கையில் ஏந்தியபடி நின்றார். ஏறிப் போக மூன்று படி. சுற்றிவரக் கலர் லைட். காணிக்குள் போவதென்றால் கூட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு ஆள் சரிந்துதான் போக வேண்டும். கீழே சலவைக்கல்லில் 'உபயம்: இன்னாசித்தம்பி குடும்பம்' என்று வெட்டியிருந்தது. சங்கத்தின் சீமெந்து முழுவதும் அதற்குத்தான் போயிருந்தது. இரண்டு மாதம் ஒரு சனிக்கிழமை கிடைக்காதவர்கள் இதை ஒரு கிழமைக்குள் கட்டி, வர்ணமும் பூசி முடித்துவிட்டார்கள்.

றோசமேரி அக்கா டெனிஷாவை இடுப்பில் வைத்தபடி படியடியில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இது ஆரு செஞ்ச வேலை அக்கா?"

"நான்தான் தங்கச்சி," என்றார். "என்ட நேர்த்தி. ஊஞ்சல் கிடைச்சா அந்தோனியாருக்கு ஒரு கூடு வைக்கிறன் எண்டு நேந்திருந்தன். சின்னதா, மதிலில ஒரு மாடம்தான் நினைச்சன். சம்மாட்டியாரிட்ட சொன்னன். இவங்க பெருசாக் கட்டிட்டாங்க."

"ஊஞ்சல் இன்னும் கிடைக்கல்லையே அக்கா. நான் சொன்னனே."

"நீ சொன்னது விளங்கினது. ஆனா முதல் கட்டம் தாண்டினது ஆரால? உன்ட இங்கிலிசாலயா? நேர்த்தியப் பிந்தவிடக் கூடாது தங்கச்சி. இவள் வயித்துல இருக்கக்க, பிறந்ததும் தலவில அன்னம்மா கோயிலுக்குக் கொண்டு வாறன் எண்டு நேந்தன். அந்த வருசம் எனக்குக் காய்ச்சல், போகல்ல. அடுத்த வருசம் போவம் எண்டு விட்டன். பிறகு இவளுக்கு இருக்க வரல்ல, நிக்க வரல்ல. டொக்டர் ஏதோ சொன்னார். எனக்குத் தெரியும் என்ன நடந்தது எண்டு."

பதினொரு வருடமாக இடுப்பில் பிள்ளையோடு இதையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார்.

டெனிஷா கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். "கம்பஸ் அக்கா, இவரும் எங்கட அம்மா மாதிரித்தான். எப்ப பாத்தாலும் ஒண்டத் தூக்கிக்கொண்டு. அந்தப் பிள்ளைக்கும் நடக்க ஏலாதோ தெரியா."

"வாயப் பொத்து," என்று அக்கா அவள் வாயில் தட்டினார். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் உம்மாவுக்குக் கதை ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. "சுரூபம் ஈக்கிற எடத்துக்கு நம்மட புள்ளயள விளையாட அனுப்பமாட்டாங்க மகள். றிஃப்னா செல்லிட்டா. நீ ஏன் இதுக்குள்ள கிடந்து பெரளுற? நீ கம்பஸ் படிச்சது இதுக்கா?"

எனக்கு வந்த அருவருப்பு எதன்மேல் என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன். பாதைக்கு வைத்திருந்த சீமெந்தைக் கூட்டுக்குக் கொட்டியவர்கள்மேலா? உபயம் என்று பெயர் வெட்டிய கல்லின்மேலா? அல்லது அது ஒரு சுரூபம் என்பதனாலா? நான் முஸ்லிம் இல்லையென்றால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்குமா? சமூகவியல் படித்த மனது ஒரு பக்கம் விளக்கம் கொடுத்தது. மற்றப் பக்கம் உம்மாவின் குரல் எனக்குள்ளும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை.

ஹிருணி இரண்டாம் முறை வந்தார். கூட்டைப் பார்த்ததும் வாகனத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். மத அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது என்பது விதி என்றார். அதை விட, நடக்க முடியாத பிள்ளைகளுக்கான இடத்தின் வாசலில் படி கட்டியிருக்கிறீர்களே, இது என்ன நியாயம் என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. மாத முடிவுக்குள் சுரூபத்தை அகற்றிப் படம் அனுப்பினால், பாதைக்கு வேறு வழி பார்க்கலாம் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

போவதற்கு முன் தொலைபேசியில் கதைக்கிற மாதிரிக் கூட்டுப் பக்கம் ஒதுங்கினார். சப்பாத்தைக் கழற்றி, படியேறி, உண்டியலில் எதையோ மடித்துப் போட்டு, கண்மூடிக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். பிறகு சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்து என்னிடம், "கட்டாயம் அகற்ற வேண்டும்," என்று மறுபடியும் சொன்னார்.

இன்னாசித்தம்பி வீதியிலே குரலெடுத்தார். "அந்தோனியார இறக்கச் சொல்ல இவ ஆரு? இவட காசும் வேணாம், ஊஞ்சலும் வேணாம். புயலுக்குள்ள என்ட படகு கரை சேர்ந்தது அந்தோனியாராலயா, இவட நிதியத்தாலயா?"

"படிய உடைக்காம, சுரூபத்த மட்டும் கோயிலுக்குள்ள வைக்கலாமே சம்மாட்டியார். பங்குச் சுவாமிட்டயும் கேட்டம், தனக்கு ஆட்சேபனை இல்ல, ஊர் முடிவெடுக்கட்டும் எண்டார்," என்றேன்.

"நீங்க சோனக ஆக்கள் மகள். உங்களுக்கு இது விளங்காது."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பாதை போட ஒரு நாளும் வராத முகங்கள் அத்தனையும் அன்றைக்கு வந்திருந்தன. அறைக்குள் பிள்ளையை வைத்திருக்கும் தம்பியும் நின்றார். அவரும் தலையாட்டினார்.

மாதக் கடைசி ஞாயிறு பூசை முடிந்து சனம் கலையும் நேரம். றோசமேரி அக்கா என்னை வரச் சொல்லியிருந்தார். என்னத்துக்கு என்று சொல்லவில்லை. பூசைச் சீலையோடே கூட்டின் முன்னால் நின்றார், டெனிஷா இடுப்பில்.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க," என்றார். "இது என்ட நேர்த்தி. நான் அவசரப்பட்டுட்டன், அது எனக்கும் அந்தோனியாருக்கும் உள்ள கதை. இப்ப அவர எங்கட வீட்டுக்குக் கொண்டுபோறன். ஊஞ்சல் வந்த பிறகு அவர் எங்க இருக்கிறதெண்டு அவரே சொல்லட்டும். ஆராவது ஒரு கை பிடிங்க, தனியத் தூக்க ஏலாது."

யாரும் அசையவில்லை.

"கை வச்சுப் பார், ஊருக்குக் காவல் நிக்கிறவரத் தூக்கினா சாபத்தத்தான் உன்ட வீட்டுக்குக் கொண்டுபோறாய்," என்றார் இன்னாசித்தம்பி. அவருடைய மருமகன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தான்.

"சாபம் எங்கட வீட்டுக்குப் புதுசா சம்மாட்டியார்?" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "இவளப் பிடி தங்கச்சி."

டெனிஷாவை நான் அதற்கு முன் தூக்கியதில்லை. எத்தனையோ மாதம் கதைத்திருக்கிறேன், விண்ணப்பம் எழுதியிருக்கிறேன், தூக்கியதில்லை. நினைத்ததை விடப் பாரமாக இருந்தாள். கால்கள் என் முழங்காலுக்குக் கீழே தொங்கின. எப்படி வைத்தாலும் வழுக்கினாள். அக்காவுக்கு இருக்கும் அந்தத் தள்ளிய இடுப்பு எனக்கு இல்லை. கொஞ்ச நேரத்தில் என் அபாயாவில் ஒரு சூடு பரவியது. அவளுக்குச் சிறுநீர் போய்விட்டிருந்தது. மணம் மேலே வந்தது. என் முகம் தானாக ஒருபக்கம் திரும்பியது.

"மணக்குதா அக்கா?" என்று காதுக்குள் கேட்டாள் டெனிஷா. அந்தக் குரலில் பகிடி இருக்கவில்லை.

"இல்ல," என்றேன்.

"பொய் சொல்லாதீங்க. பயந்தா எனக்கு நிக்காது. கீழ வைக்க வேணுமெண்டா வைங்க."

நான் வைக்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை; அந்த நிமிடத்தில் அவளைக் கீழே போட்டுவிட்டு ஓடித் தண்ணீரில் குளிக்கத்தான் உடம்பு கேட்டது. இத்தனை பேரையும் பார்த்து அருவருத்தவள், கடைசியில் ஒரு பிள்ளையின் மூத்திரத்துக்கு முகத்தைத் திருப்புகிறேன். முதலாளி சொன்ன 'ஒரு மாதிரி' எனக்குள்ளும் இருந்தது. கையை இறுக்கிக்கொண்டேன்.

அக்கா படியேறிக் கண்ணாடிக் கதவைத் திறந்தார். சுரூபத்தை அணைத்து, தூக்கி, இடது இடுப்பில் வைத்தார். ஒரு கிழவி அழத் தொடங்கினாள். யாரோ செபம் சொன்னார்கள். அக்கா ஒவ்வொரு படியாக இறங்கி, மணலில் கால் புதையப் புதைய, வீட்டுப் பக்கம் நடந்தார். நான் டெனிஷாவோடு பின்னால் போனேன். எங்கள் பின்னால் யாரும் வரவில்லை. மருமகனின் தொலைபேசி மட்டும் கொஞ்சத் தூரம் வந்தது.

வெறுங்கூட்டைப் படம் எடுத்து அன்றைக்கே அனுப்பினேன். ஆனால் அதற்கு முன்னாலேயே மருமகனின் வீடியோ, சோகப் பாட்டெல்லாம் போட்டு, முகநூலில் ஓடத் தொடங்கியிருந்தது. அந்தோனியாரை வீதிக்கு இறக்கிய நிதியம் என்று தலைப்பு. பத்து நாளில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. ஊராரிடையே முரண்பாடு இருப்பதாக அறிகிறார்களாம். விண்ணப்பத்தை இந்த ஆண்டு எடுக்க முடியாதாம். அடுத்த ஆண்டு மீண்டும் அனுப்பலாமாம். கடைசி வரியில், டெனிஷாவின் படத்தைத் தங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் பயன்படுத்தச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள்.

அக்காவிடம் அதை வாசித்துக் காட்டினேன். இலையான் இருக்கிற படமா என்று கேட்டார். ஓம் என்றேன். வேண்டாம் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். ஆங்கிலத்தில் நான் எழுதிய மிகச் சின்ன வசனம் அதுதான்.

சுரூபத்தைத் திருப்பித் தரும்படி இன்னாசித்தம்பி ஆள் அனுப்பினார். அக்கா கொடுக்கவில்லை. அது அவருடைய வீட்டு அலுமாரிக்குப் பக்கத்தில், அரிசி வாளிக்கு மேலே நிற்கிறது. புதுச் சுரூபம் வாங்கச் சங்கத்தில் பணம் சேர்க்கிறார்கள் என்று கேள்வி. இன்னும் சேரவில்லை.

வீடியோவைப் பார்த்த பிறகு விடுதி முதலாளி, இனிப் பிள்ளையை வேலைக்குக் கொண்டுவரக்கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார். வேலையை விடவும் முடியாது, பிள்ளையை வீட்டில் தனியே பூட்டவும் அக்காவுக்கு மனமில்லை. ஒருநாள் பின்னேரம் வேலை முடிந்து வீதியால் வந்தேன். காணியில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கிரிக்கட் விளையாடினார்கள். வெறுங்கூட்டுக்குள் தலையணை போட்டு, விடுதியின் பழைய விரிப்பால் நெஞ்சைக் கட்டி, டெனிஷா இருந்தாள். பின்னால் சுவர், இருபக்கமும் சுவர், மேலே நிழல். சரிய வழியில்லை. அக்காதான் இருத்திவிட்டுப் போயிருக்கிறார். இடம் சும்மாதானே கிடக்கிறது என்றாராம்.

அவள்தான் நடுவர். கத்திக் கத்தித் தீர்ப்புச் சொன்னாள். ஒருவனை அவுட் இல்லை என்றதற்கு மற்றவர்கள் படியடிக்கு வந்து சண்டை பிடித்தார்கள்.

இன்னாசித்தம்பி சைக்கிளில் வந்தார். கூட்டடிக்கு வந்ததும் பழக்கத்தில் கை நெற்றிக்குப் போய், நெஞ்சுக்குப் போய், இடது தோளில் நின்றது. அப்போதுதான் உள்ளே யார் என்று கண்டார்.

"போங்க சம்மாட்டியார்," என்றாள் டெனிஷா, "உங்கட மன்றாட்டுக் கேட்டிட்டன்."

அவர் மணலில் காறித் துப்பிவிட்டுப் போனார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடியும்போது வாய் கசந்தது. இரண்டு ஊரும் ஒரு நிதியமும் என் பட்டமும் சேர்ந்து இந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது ஆளில்லாத ஒரு கூடு.

படியில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவளுடைய விரிப்பு ஈரமாக இருந்தது. அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். மணந்தது, அன்றைக்கும் முகம் திரும்பத்தான் பார்த்தது.

"நல்லா இருக்கா இதுக்குள்ள?" என்று கேட்டேன்.

டெனிஷா இரண்டு பக்கச் சுவரையும் பார்த்தாள். தலையை முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல அசைத்துப் பார்த்தாள்.

"இருக்கு," என்றாள். "ஆடுதில்லையே."